'பாத்து' என்ற ஒற்றைச் சொல்

என் கணவருக்குப் பேச்சு போன அன்று காலையிலும் "பாத்துப் போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்பினேன். அவர் வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். சாப்பாட்டுத் தூக்கை வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, வாசலில் படுத்திருந்த பூனையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவர் டிப்பர் லாரி ஓட்டினார். அரியலூரைச் சுற்றியிருக்கும் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு போய் சிமென்ட் ஆலையில் கொட்டிவிட்டு, மறுபடியும் சுரங்கத்துக்கே வருவது வேலை. நான் ஊரிலேயே ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. கல்யாணம் ஆனபோது நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். அதற்கு மேல் படிக்க வைத்தது அவர்தான். தேர்வு நாட்களில் பெரம்பலூர் வரை வண்டியில் கொண்டுபோய் விடுவார். நான் எழுதி முடித்து வரும்வரை வெளியே புங்க மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். எப்படி எழுதினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

'பாத்துப் போயிட்டு வாங்க' என்பதில் அப்படியொன்றும் விசேஷமில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் லாரியில்தான் இருக்கிறார்கள். காலையில் எந்த வாசலில் நின்றாலும் அதுதான் காதில் விழும். பயந்து சொல்வதுமில்லை, பாசத்தில் சொல்வதுமில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதைப்போல, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிடும். அவருக்கு மட்டும் அது பிடிக்காது.

"பாக்காம, கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறேன்?" என்பார். "எதுத்தாப்புல வர்றவன்கிட்ட போயிச் சொல்லு."

"சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"ஒரு வாட்டி சொல்லு, சரி. தெனமுமா?"

அவர் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. மகள் சைக்கிள் பழகியபோது பின்னாலேயே ஓடினார். "மிதி, மிதி" என்றாரே தவிர, விழுந்துவிடாதே என்று சொல்லவில்லை. அவளை முதன்முதலாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்கு அனுப்பியபோது, பேருந்து நிலையத்தில் நான் அவளுக்கு ஆயிரம் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேருந்தைச் சுற்றி நடந்து, குனிந்து குனிந்து டயர்களைப் பார்த்துவிட்டு வந்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். "ஏறு" என்றார்.

அவருக்குப் பேச்சு போன அன்று நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவரோடு ஓட்டும் இன்னொரு டிரைவர்.

"அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு முடியல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரோம். நீங்க பதறாதீங்க. பாத்து வாங்க."

எடை போடும் இடத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தும் இவர் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்து எட்டிப் பார்த்தால், ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததாம். வண்டியை அணைத்து, கை பிரேக்கும் போட்டிருந்தாராம். அது எப்படி முடிந்தது என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உயிருக்கு இனிமே பயமில்லம்மா. ஆனா ரொம்பக் கவனமா பாத்துக்கணும். கொஞ்ச நாளைக்கு ஜாக்கிரதையா இருக்கணும்."

அந்த நேரத்தில் நினைக்கக்கூடாததுதான். ஆனாலும் ஆசிரியை புத்தி விடவில்லை. கவனம், ஜாக்கிரதை, பாத்துக்கணும் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்ததை மனம் குறித்துக்கொண்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வகுப்பில் இந்தச் சொற்களை நடத்தியிருந்தேன். தெருவில் பார்த்த அறிவிப்புப் பலகைகளை எழுதி வரச் சொன்னேன். 'நாய்கள் ஜாக்கிரதை' என்று ஒரு பெண் எழுதி வந்தாள். "டீச்சர், அப்படின்னா நாய்தான ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று இன்னொருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஜாக்கிரதை என்றால் விழித்திருப்பது, தூங்காமல் இருப்பது என்று விளக்கினேன். கவனம் என்பது மனத்தை ஒரு பொருளின் மேல் வைப்பது. எச்சரிக்கை என்பது ஆபத்துக்கு முன்னால் இன்னொருவருக்குச் சொல்வது. கூத்தில் ராஜா வரும் முன்னே கட்டியக்காரன் 'எச்சரிக்கை' என்று கூவுவானே, அதையும் சொன்னேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். நன்றாக நடத்தினோம் என்று எனக்கே ஒரு நிறைவு இருந்தது.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று மார்பையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் ஜாக்கிரதை என்பதற்கு நான் சொன்ன அர்த்தம் சரிதான் என்று தெரிந்தது. ஆனால் வகுப்பில் சொன்னபோது அதில் பாரமே இருக்கவில்லை.

அவர் முதல் சொல்லைச் சொன்னது வார்டைக் கழுவிவிட்ட ஒரு காலை நேரத்தில். கீழே ஈரமாக இருந்ததால் பையை ஜன்னல் கம்பியில் மாட்டலாம் என்று ஸ்டூலில் ஏறினேன். அது ஒரு கால் குட்டையான ஸ்டூல். ஆடியது.

"பாத்து."

பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவர்தான் கோணிய வாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"பாத்து."

இறங்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸைக் கூப்பிட்டேன். மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அப்பா பேசுறாருடி, கேளு" என்றேன். அவரும் போனைப் பார்த்து "பாத்து" என்றார். அந்தப் பக்கம் மகள் அழுவது வார்டு முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் தண்ணீர் வேண்டும் என்பதற்கும் 'பாத்து' என்றார். ஊசி போட வந்தபோதும் அதே. பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரத்திலிருந்து அவருடைய தம்பி வந்து நின்றபோது, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு 'பாத்து பாத்து' என்று சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விட்டார். மறுநாளும் அதுதான். அதற்கு அடுத்த நாளும் அதுதான். அவருக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான் என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். அவள்தான் பொறுமையாக விளக்கினாள்.

"சில பேருக்கு இந்த மாதிரி ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னுடும் டீச்சர். மனசுல நினைக்கிறது வேற, வாயில வர்றது இது. நீங்க பேசுறது அவருக்குப் பெரும்பாலும் புரியுது. அவரால திருப்பிச் சொல்லத்தான் முடியல. சார் இந்த வார்த்தையை அடிக்கடி சொல்லுவாரா?"

"அவரு சொன்னதே இல்லைங்க. நான்தான் அவருகிட்டச் சொல்லுவேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு" என்றாள்.

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

தமிழ் படித்தவளுக்கு அதில் இன்னொரு வலியும் உண்டு. 'பார்த்து' என்பது வினையெச்சம். அது தனியாக நிற்காது. பார்த்துப் போ, பார்த்து வா, பார்த்து இறங்கு என்று ஒரு வினை வந்து முடித்து வைத்தால்தான் வாக்கியமாகும். பேச்சில் நாம் அந்த மிச்சத்தை விட்டுவிடுகிறோம்; கேட்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான். அவர் கையில் மிஞ்சியது முடியாத சொல். அதை முடித்துவைக்கும் வேலை எங்களுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்லக் குரலை வைத்துப் பிடிபட்டது. வெடுக்கென்று சொன்னால் தண்ணீரோ கழிப்பறையோ. இழுத்துச் சொன்னால் வலி. மாலையில் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு லேசாகக் கேட்பதுபோலச் சொன்னால், மகள் போன் செய்தாளா என்று அர்த்தம். சில சமயம் எதுவும் பொருந்தாது. நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் இடது கையால் கட்டிலை அடிப்பார். ஒரு நாள் அப்படி ஒரு மணி நேரம் போராடிய பிறகு, மின்விசிறியில் ஒட்டடை தொங்குகிறது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. அதை அடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் கண்ணை மூடினார்.

என் விடுப்பு முடியப்போகும் நேரத்தில் கொழுந்தனாரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகளும் வந்திருந்தாள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம்.

"அண்ணி, நீங்க பள்ளிக்கூடம் போவணும். பாப்பாவும் கோயம்புத்தூர்ல கெடக்கு. அண்ணன் இங்க தனியா என்ன பண்ணும்? எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு பேரு எந்நேரமும் வூட்டுல இருக்கோம். நாங்க பாத்துக்கறோம்" என்றார் கொழுந்தனார்.

"ஒங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

"எங்க அண்ணனப் பாக்கறது எனக்குச் செரமமா?"

மகள் அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டாள். "அப்பா, சித்தப்பா வீட்டுக்குப் போறீங்களா? கொஞ்ச நாளைக்கு."

அவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "பாத்து" என்றார்.

"பாத்தீங்களா, வரேன்னுதான் சொல்லுது" என்றார் கொழுந்தனார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. மகளைப் பார்த்தேன். அவளுக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. மறுவாரம் அனுப்பிவைத்தேன்.

அவர்களைப்போல யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழுந்தனாருக்குச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விவசாயம். அத்தனை வேலைக்கு நடுவிலும் அண்ணனுக்காக உட்காரும் கழிப்பறை கட்டினார், சுவரில் பிடித்து நடக்கக் கம்பி பதித்தார். ஓரகத்தி வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பாள், கை கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். இவர் இடது கையால் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே பிசைந்து ஊட்டியும் விடுவாள். பக்கத்தில் நெடுஞ்சாலை, கொல்லையில் கிணறு என்பதால் வெளியே மட்டும் விடமாட்டார்கள்.

நான் சனிக்கிழமைகளில் போவேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியில் விடைத்தாள் திருத்துவேன். 'அக்கறை' என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் 'அக்கரை' என்றுதான் எழுதுவார்கள். முன்பெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'வல்லின ற' என்று எழுதுவேன். அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்த மாதங்களில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பிழையைச் சுழிக்கும்போதெல்லாம் பேனா கொஞ்ச நேரம் நின்றுதான் நகர்ந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் 'பாத்து' என்று சத்தமாக ஒரு வரவேற்பு வரும். பிறகு வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டுவார். பாத்து, பாத்து, பாத்து. ஏறியும் இறங்கியும், கோபமும் கிண்டலுமாக. எனக்குப் பாதி புரியும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை போனபோது அந்தக் குரல் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, திருநீறு பூசி, துவைத்த வேட்டி கட்டி. என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

"இந்த வாரம் ரொம்ப அமைதியா இருக்காருக்கா. முன்ன மாதிரி கத்தறதே இல்ல" என்றாள் ஓரகத்தி. நல்ல செய்தி சொல்லும் முகம்.



பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடக் கதை சொன்னேன், மகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். தூசு படாமல், குறை இல்லாமல், அடி படாமல் அவரை வைத்திருந்தார்கள். பத்திரமாக வைத்திருந்தார்கள். நகையை, பட்டாவை, ரேஷன் கார்டை நாம் வைப்பதைப்போல. அவர்கள் மேல் தப்பே இல்லை. வேறு யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், அங்கே அப்படித்தான் செய்திருப்போம்.

மதியம் தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். ஸ்பூனை இடது கையில் கொடுத்தேன். பாதி சோறு வேட்டியில் சிந்தியது. மீதியைத் தானே சாப்பிட்டார். முடித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"நம்ம வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

மூச்சு விடுவதைப்போல, "பாத்து" என்றார்.

அதைப் போகலாம் என்று எடுத்துக்கொண்டேன். கொழுந்தனார் அன்று எடுத்துக்கொண்டதைவிட எனக்கு ஒன்றும் கூடுதலான ஆதாரம் கிடையாது.

கொழுந்தனார் நொந்துபோனார். "நாங்க என்ன கொற வச்சோம், சொல்லுங்க அண்ணி. சரி பண்ணிக்கறோம்."

"ஒரு கொறையும் இல்லைங்க. கொற இருந்தா ஒங்ககிட்டயே சொல்லிருப்பேன்."

"அப்பறம் ஏன்?"

பேசாமல் இருக்கிறார் என்று சொன்னால், எப்போது பேசினார் என்று கேட்பார். "எனக்கு வூட்டுல ஆளு வேணும்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அரியலூருக்குக் கூட்டி வந்தேன். காலையில் குளிப்பாட்டி, சாப்பாட்டை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். மதிய இடைவேளையில் ஒரு முறை வந்து போவேன். எதிர் வீட்டில் துணி தைக்கும் அம்மா நடுநடுவே எட்டிப் பார்ப்பார். இவர் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரை வர ஆரம்பித்தார். பிறகு தெருவிளக்குக் கம்பம் வரை. கூட ஓட்டியவர்கள் யாராவது வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுப் போவார்கள். அவர் குரல் திரும்பியது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் 'பாத்து' கிடைத்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் நிஜமாகவே காலடியைப் பார்த்து நடந்தார்கள்.

மகளுக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. "ரிஸ்க்கும்மா இது. நீ ஒன்னையும் பாத்துக்க மாட்டேங்குற, அப்பாவையும் பாத்துக்க மாட்டேங்குற" என்றாள் ஒரு நாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் பயந்தது நடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். எதிர் வீட்டு அம்மாதான் ஓடிப் போய்த் தூக்கியிருக்கிறார்.

"அண்ணன் பாத்து பாத்துன்னு கத்திக்கிட்டே இருந்தாரு டீச்சர். எப்பவும் சொல்றதுதானன்னு நான் மிஷின்ல உக்காந்திருந்தேன். அப்பறம் பாத்தா அந்தக் கொரலே வேற மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல, எந்திரிச்சி ஓடியாந்தேன்."

இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. இருந்த ஒரு கைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். வலது கை தூங்குகிறது, இடது கை கழுத்தில் தொங்குகிறது. ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. யாருக்கு ஊட்டிவிடுவதைத் தாங்காமல் கூட்டி வந்தேனோ அவருக்கு நானே பிசைந்து ஊட்டினேன். அவர் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கொழுந்தனார் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பாத்திருக்கலாமே அண்ணி" என்றார். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

நான் திரும்பி வரும்போது அவர் அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போதும். நம்ம வூட்டுக்குப் போயிடலாம். அங்க கம்பி இருக்கு, ஆளு இருக்கு. அண்ணியும் பாவம். எத்தனைன்னு பாக்கும்? வா, போலாம்."

என் கணவர் தம்பியைப் பார்த்தார். உதடுகள் கூடின. பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி காற்றை உள்ளே இழுத்தார். முகம் சிவந்தது. வழக்கமான சொல்தான் வரப்போகிறது என்று நான் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"வே…" என்றார். நிறுத்தினார். மறுபடியும் மூச்சை இழுத்தார். "வேணாம்."



"என்னண்ணே?"

"வேணாம்."

கொழுந்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வாயில் சிரிப்பும் இருந்தது. தன்னிடம் வர மாட்டேன் என்று முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன அண்ணனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சரிண்ணே. வேணாம்னா வேணாம்" என்று பலமுறை சொன்னார். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுவாரம் கொத்தனாரோடு வந்தார். எங்கள் குளியலறைச் சுவரில் கம்பி பதித்தார், வழுக்காத கல் போட்டார். வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் கட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் கிளம்பும்போது, "தண்ணி ஊத்தி நனைச்சு விடுங்க அண்ணி, காயறதுக்குள்ள மிதிச்சிடப் போறாங்க" என்றார். சரி என்றேன்.

அந்த 'வேணாம்' வந்த பிறகு மற்றவை வேகமாக வந்துவிடும் என்று நம்பினோம். அப்படி வரவில்லை. டாக்டரும் பெரிய நம்பிக்கை கொடுக்கவில்லை. இன்னொரு முறை வரலாம், அதற்குத் தயாராக இருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது அவரிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். தண்ணி, பாப்பா, போதும், எங்க. என் பெயர் இன்னும் வரவில்லை. என்னைக் கூப்பிட இன்னமும் பழைய சொல்தான். நானும் திரும்பிப் பார்க்கிறேன். வேணாம் மட்டும் தாராளமாக வருகிறது. மாத்திரைக்கு வேணாம், குளிக்க வேணாம், கஞ்சிக்கு வேணாம். பல நாள் அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை. சண்டை போட முடிகிறதே என்று சில நாள் தோன்றும். பல நாள் அலுப்பாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

வகுப்பில் அந்தப் பாடத்தை இந்த ஆண்டும் நடத்தினேன். கவனம், எச்சரிக்கை, ஜாக்கிரதை, பத்திரம், அக்கறை. பொருளை முன்பு போலவே எழுதிப்போட்டேன். அதில் மாற்றமில்லை. 'பார்த்துக்கொள்' என்ற சொல் வந்தபோது மட்டும், இதற்கு நீங்களே வாக்கியம் எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன். என் அம்மா ஆட்டைப் பார்த்துக்கொள்வார் என்று ஒருவன் எழுதினான். தம்பியை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஒருத்தி. உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று கடைசி பெஞ்சில் ஒருவன். மூன்றும் சரிதான் என்று மதிப்பெண் போட்டேன்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கொழுந்தனார் தன் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு விளைச்சலில் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். பின்னால் ஒரு சாக்கு மக்காச்சோளமும் ஓரகத்தியும். அண்ணனை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். போகும் வழியெல்லாம் லாரிகள் வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. அண்ணனும் தம்பியும் முன்னால் ஏதோ தகராறு செய்துகொண்டு வந்தார்கள். கண்ணாடி வழியாகத் தலைகள் ஆடுவது தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். மாடுகளும் கன்றுகளும் கொண்டுவந்திருந்தவர்கள் ஒரு பக்கம், நெல் மூட்டை இறக்குகிறவர்கள் ஒரு பக்கம். கொழுந்தனார் சாக்கை இறக்கித் தோளில் போடப் போனார். என் கணவர் ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கட்டுப் பிரித்த இடது கையால் சாக்கின் ஒரு மூலையைப் பிடித்தார்.

"நீ விடுண்ணே, நான் தூக்கிக்கறேன்."

"வேணாம்."

கொழுந்தனார் என்னைப் பார்க்கவில்லை. சாக்கைத் தோளில் போடாமல், அண்ணன் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். பாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் பக்கவாட்டாக, ஒரு காலை இழுத்து இழுத்து, கூட்டத்துக்குள் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஓரகத்தி தேங்காய் வாங்கக் கடைப் பக்கம் போனாள். நான் அவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு பின்னால் போனேன்.